உழுது புதைத்த முட்டைக்கோஸ்

அவளை அந்த வட்டாரத்தில் ‘சுத்தக்காரி’ என்றுதான் சொல்வார்கள். பாராட்டா கிண்டலா என்று கேட்டால், இரண்டும்தான். வரப்பில் ஒரு களை தலைகாட்டினாலும் அவளுக்குத் தூக்கம் வராது. விளைந்ததை வயலிலேயே அழுகவிட்டு வேடிக்கை பார்ப்பவர்களைக் கண்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்தச் சுத்தம்தான் இப்போது அவள் கழுத்தைப் பிடித்தது. ஊரடங்கில் சந்தையை மூடியபோது, குத்தகை நிலம் இரண்டு ஏக்கரிலும் முட்டைக்கோஸ் அறுவடைக்குத் தயாராக நின்றது. வாங்க நாதியில்லை. வெடித்து நாறத் தொடங்கியதும் வாடகை டிராக்டரைப் பிடித்து, தானே ஏறி ஓட்டி, எல்லாவற்றையும் மண்ணுக்குள் தள்ளினாள். கடன் வாங்கி பீன்ஸ் விதைத்தாள். பத்து நாள் கழித்து அறிவிப்பு வந்தது: பயிர் அழிந்தவர்களுக்கு நிவாரணம் உண்டு, ஆனால் அழிந்த பயிரை அதிகாரி நேரில் பார்க்க வேண்டும்.

அதிலிருந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. அவர் பார்வையிட இன்றுதான் கடைசி நாள். நிவாரணம் வந்தால் குத்தகை கட்டலாம். வராவிட்டால் மாதக் கடைசியில் நிலம் வேறு ஆளுக்குப் போய்விடும். நிலக்காரர் நேற்றே சொல்லிவிட்டார்.

மூன்று மணிக்கு வேளாண்மை அதிகாரி முகக்கவசத்தோடு வந்து இறங்கினார். முழங்கால் உயரம் நின்ற பீன்ஸைப் பார்த்தார். கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார்.

“என்னம்மா, பயிர் அழிஞ்சுபோச்சுன்னு எழுதியிருக்கீங்க. இங்க ஜம்முனு நிக்குதே?”

“இது புதுசு சார். கோஸ் எல்லாம் அடியில கிடக்கு.”

“அடியில கிடக்கறதை எப்படிம்மா போட்டோ எடுக்கறது? பக்கத்து வயல்காரர் அப்படியே விட்டு வெச்சிருந்தார். நாத்தம் தாங்கல. முழுசா எழுதிட்டேன்.”

பக்கத்து வயல்காரர் ஊரறிந்த சோம்பேறி. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மண்வெட்டியை எடுத்து, பூவிட்டிருந்த செடிகளை வேரோடு தள்ளிவிட்டுத் தோண்டினாள். கறுப்பாக, பொலபொலவென்று மண் வந்தது. கோஸ் இல்லை.

“நல்ல மண்ணும்மா,” என்றார் அதிகாரி. அவர் உண்மையாகத்தான் சொன்னார்.

இன்னொரு இடத்தில் வெட்டினாள். மண்தான். குறுக்கும் நெடுக்குமாக மூன்று தடவை உழுதிருந்தாள். அத்தனையும் மக்கிப் போயிருந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்குள் அவர் அறிக்கையை அனுப்பியாக வேண்டும். ஆறாவது குழியில், “விடும்மா, இருக்கற செடியாவது மிஞ்சட்டும்,” என்றார்.

இதுவரை கையைப் பிசைந்துகொண்டு நின்ற கணவன் மெல்ல வாயைத் திறந்தான். “அந்தக் கிழக்கு மூலையில வெட்டிப் பாரேன்.”

“அங்க மட்டும் என்ன?”

“தலைவலின்னு நீ வீட்டுக்குப் போயிட்டே இல்ல, கடைசிக் கால் ஏக்கரை நான்தானே ஓட்டினேன். ஒரே ஒரு தடவைதான் ஓட்டினேன். உன்கிட்ட மூணுன்னு சொல்லிட்டேன்.”

அவள் அவனை முறைக்கக்கூட நிற்கவில்லை. அங்கே இரண்டாவது வெட்டிலேயே நாற்றம் குப்பென்று அடித்தது. பாதி அழுகிய கோஸ்கள், முழுசு முழுசாகக் கிடந்தன. அதிகாரி முகக்கவசத்துக்கு மேலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவர் போட்டோ எடுத்தார், அளந்தார், படிவத்தில் எழுதி நீட்டினார். கால் ஏக்கர்.

“சார், மொத்தம் ரெண்டு ஏக்கர் சார்.”

“நம்பறேம்மா. ஆனா கண்ணால பாத்ததைத்தான் எழுத முடியும்.”

கையெழுத்துப் போட்டாள். வண்டி போய்விட்டது. கால் ஏக்கர் காசு குத்தகையில் பாதிக்குக்கூடக் காணாது. பிடுங்கிப்போட்ட பீன்ஸ் குழிகளைச் சுற்றி வாடிக் கிடந்தது. கணவன் திட்டுக்குக் காத்திருந்தான். இருபது வருடமாக வாங்கிப் பழகியவன்.

அவள் வரப்பில் உட்கார்ந்தாள். “மிச்சத்தையும் உங்களையே உழ விட்டிருக்கணும்,” என்றாள். சிரிக்கத்தான் நினைத்தாள். அழுகை வந்துவிட்டது.