லாக்கப் சாவி அவன் இடுப்பில்

ஆளைப் பிடிக்காமல் மூன்று நாள் விட்டுவிட்டோம்; அதற்குள் அந்தப் பெண்ணின் கை முறிந்துவிட்டது. நான் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர், ஏட்டு. புகார் எழுதுவது வேலை. பேனா பிடித்துப் பிழைத்தவர்களே, உங்களுக்குத் தெரியும், எழுதாமல் விடுவதும் அதே வேலைதான்.

தரை

சிலோனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத் தமிழர்கள், எங்கள் வாயில் சிலோன்காரர்கள், கப்பல் இறங்கி மலையேறி வந்துகொண்டிருந்த வருஷங்கள். குன்னூருக்குப் பக்கத்து ஸ்டேஷன். எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் எவனாவது பெண்டாட்டியை அடித்தால் பிடித்துவந்து சுவரோரம் தரையில் உட்கார வைப்போம். சாயங்காலம் மிரட்டி அனுப்புவோம். கேஸ் இல்லை, காகிதம் இல்லை. எல்லாம் எஸ்.ஐ. மனசு. அன்று அப்படி உட்கார்ந்திருந்தவன் மாரிமுத்து, சிலோனிலிருந்து வந்த எஸ்டேட் ஆள். என்னைக் கேட்டான்: "இது கைதாங்கய்யா, இல்லியா? லயத்துல கேட்டா என்னான்னு சொல்ல?"

நாற்காலி

பதில் யோசிப்பதற்குள் ஒரு பெண் வந்தாள். அவளும் சிலோன்தான். கன்னம் வீங்கியிருந்தது. அடித்தவன் புருஷன். புருஷன் எங்கள் கான்ஸ்டபிள் பழனிச்சாமி. அன்று பாரா அவனுக்கு. வாசலில் துப்பாக்கியோடு காவல் நின்றவனைத் தாண்டித்தான் அவள் உள்ளே வந்தாள்.

எஸ்.ஐ. அவனைக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். டீ வந்தது. "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்குங்க" என்றார். நான் பேனாவை மூடினேன். அவள் மாரிமுத்துவைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள்: "அந்தாளும் அடிச்சாரு, இவரும் அடிச்சாரு. ஒருத்தருக்குத் தரை, ஒருத்தருக்கு டீயாங்கய்யா?"

சாவி

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தாள். மணிக்கட்டு முறிவு. எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மேலே போன் போட்டார். "உங்க விருப்பப்படி செய்யுங்க" என்று வைத்துவிட்டார்கள். விருப்பம் என்ன என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

அன்றும் பாரா பழனிச்சாமிதான். லாக்கப் சாவி அவன் பெல்ட்டில். அவனைப் பூட்ட அவனிடமே சாவி கேட்க வேண்டும். அவனுக்கும் குழப்பம். மரியாதையாகவே கேட்டான்: "ஏனுங்க ஏட்டய்யா, நான் உள்ள போயிட்டா பாரா யாருங்க நிக்கறது?"

பெயர்

அவள் மாரிமுத்து இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குப் போனால் இன்னொரு கையும் போகும். ஸ்டேஷனுக்கு வந்தவர்கள் எல்லாம், "இந்தம்மா என்னங்க தப்புப் பண்ணுச்சு?" என்று கேட்டார்கள். "போலீஸ்காரர்கிட்ட அடி வாங்குனேன்" என்று ஒவ்வொருவருக்கும் சத்தமாகச் சொன்னாள். எஸ்டேட் மேனேஜர் வந்தார், அவருக்கும் சொன்னாள். மத்தியானத்துக்குள் எஸ்.ஐ. முகம் கறுத்துப்போயிற்று. "எழுதித் தொலைய்யா" என்றார்.

முதல் வரி புகார்தாரர் பெயர். மூன்று நாளாக எங்களுக்கு அவள் பழனிச்சாமி சம்சாரம், அவ்வளவுதான். கேட்டேன். சொன்னாள்: "யோகேஸ்வரி. எழுதியாச்சா? இப்ப சாவிய வாங்குங்க."

சட்டம் தெரியும் என்று எனக்கும் எஸ்.ஐ.க்கும் சர்க்கார் சம்பளம் கொடுத்தது. கைது செய்தது என்னவோ யோகேஸ்வரி.