கற்பூரம் சுற்றாமல் எடுத்த வண்டி

அம்மா முதன்முதலாக விமானம் ஏறப் போகிற நாளில் என் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. தை மாதம், விடியற்காலை நான்கு மணி. எங்கள் ஊர் நன்னிலத்துக்குப் பக்கம். அங்கிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். எட்டே முக்காலுக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள். சிங்கப்பூரில் என் தங்கைக்கு அந்த வாரம் பிரசவம், தலைப்பிரசவம். அம்மா போய்ச் சேர்ந்தால்தான் அவளுக்கு ஆள். அவள் வீட்டுக்காரருக்குச் சுடுதண்ணீர் வைக்கக்கூடத் தெரியாது.

வாடகைக் கார் பிடித்துவிடலாம் என்று அம்மா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் கேட்கவில்லை. லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம், பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி எட்டு மாதம். நாற்று நட்டு எங்கள் இருவரையும் படிக்க வைத்தவளை, பெரிய மகள் தன் சொந்தக் காரில் உட்கார வைத்து விமானம் ஏற்றிவிடுவதை ஊர் பார்க்க வேண்டாமா? விடியற்காலை நான்கு மணிக்கு எந்த ஊர் விழித்திருந்து பார்க்கும் என்பதை நான் யோசிக்கவில்லை.

எங்கள் பக்கத்துக் குளிரைச் சொன்னால் வடக்கே இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் வயலும் வாய்க்காலும் சேர்ந்து விடுகிற பனி இருக்கிறதே, அது வேறு. இரவு முழுக்க வாசலில் நின்ற கார் குளிப்பாட்டி விட்டதுபோல் நனைந்து கிடந்தது. சாவியைத் திருப்பினேன். இஞ்சின் ஒரு தடவை முனகிவிட்டு அடங்கியது. ஆக்சிலேட்டரை நல்லா மிதி என்று பக்கத்து சீட்டிலிருந்து அம்மா யோசனை சொன்னாள். மொபெட்காரர்கள் முறுக்குவதைப் பார்த்த அனுபவம். மிதிக்கக் கூடாது, சும்மா இரு என்று எரிந்து விழுந்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். எதையும் முறைப்படி செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. லைட், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்தேன். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்து, கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டேன். சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பி, பின்னால் பெட்ரோல் பம்ப் ஓடுகிற மெல்லிய சத்தம் நிற்கும்வரை காத்திருந்தேன். பிறகு ஐந்து விநாடி, அதற்கு மேல் ஸ்டார்ட்டரைச் சுற்றவில்லை. பிடிக்காவிட்டால் ஐந்து நிமிடம் பேட்டரியைச் சும்மா விட வேண்டும். அந்த ஐந்து நிமிடங்கள்தான் கொடுமை. ஒவ்வொன்றிலும் அம்மா ஒரு சாமியைக் கூப்பிட்டாள். ஏழாவது சாமிக்கு இஞ்சின் பிடித்தது. மணி நான்கு நாற்பது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிதாக எதையோ சாதித்துவிட்ட மாதிரி ஹாரனை ஒரு முறை அடித்தேன். அம்மாவுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. விமானத்தில் ஜன்னலைத் திறக்கலாமா, பக்கத்தில் ஆம்பிளை உட்கார்ந்தால் இடம் மாற்றித் தருவார்களா என்று வழி நெடுகக் கேட்டாள். சீட் பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்று இடையிடையே திட்டினாள். நான் பதில் சொல்லிக்கொண்டே, போன நாற்பது நிமிடத்தைப் பிடித்துவிடலாம் என்று கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டினேன். பனியில் முன்னால் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

அறுப்புக் காலத்தில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் பாதி களமாகிவிடும். பகலில் நெல்லைப் பரப்பிக் காய வைப்பார்கள். பொழுது சாய்ந்ததும் சாலை ஓரத்திலேயே குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிக் கல் வைத்துவிடுவார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் வீட்டு நெல்லும் போன வாரம் அப்படித்தான் கிடந்தது. இருந்தும் குடவாசல் தாண்டி ஒரு வளைவில் நேராகக் கொண்டுபோய் விட்டேன். 'தொப்' என்று ஒரு சத்தம், அடியில் 'டங்' என்று இன்னொன்று. காரின் மூக்கு நெல்லுக்குள் புதைந்து நின்றது. இஞ்சின் தானாக அணைந்துவிட்டது.

அம்மாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அவள் திட்டிக்கொண்டு வந்த பெல்ட்தான் காப்பாற்றியது. சாவியைத் திருப்பி, உருவி, இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினேன்.  முதலில் நெல்லைக் குவித்தவர் மேல் கோபம் வந்தது, பிறகு என் மேல் வந்தது.

நெல்லுக்குக் காவலாகக் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து ஓடி வந்தார். ஐம்பது வயதிருக்கும், தலையில் மப்ளர், கையில் டார்ச். வெளிச்சத்தை முதலில் நெல் மேல் அடித்தார், அப்புறம்தான் எங்கள் மேல். அதில் எனக்கு வருத்தம் இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அடிபட்டதா என்று விசாரித்தார், தண்ணீர் கொடுத்தார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு அம்மா தீர்மானமாகச் சொன்னாள்.

"போற காரியத்துல முட்டிக்கிச்சு. கற்பூரம் சுத்தாம இந்த வண்டில நான் ஏற மாட்டேன்."

நெல்காரர் உடனே ஆமோதித்தார். எங்கள் பக்கம் அப்படித்தான். டிராக்டரோ லாரியோ, முட்டிய வண்டியைக் கற்பூரம் சுற்றாமல் எடுக்க மாட்டார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் வாதாட நேரமும் இல்லை. என்னவோ செய்துகொள்ளட்டும் என்று, செல்போன் வெளிச்சத்தில் முன்பக்கம் குனிந்து, ரேடியேட்டர் தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன்.

முன்பக்கம்தான் நெல்லுக்குள் இருக்கிறதே. அதனால் அவர்கள் இருவரும் பின்பக்கம் போனார்கள். மஞ்சள் பையைத் துழாவிக் கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் அம்மா எடுப்பது தெரிந்தது. விமானத்தில் இதையெல்லாம் விட மாட்டார்கள் என்று நான்கு முறை சொல்லியிருந்தேன். குச்சியை உரசும் சத்தம் கேட்டது. பனியில் நமுத்த குச்சி, பற்றவில்லை. இன்னொன்றை எடுத்தாள்.

அப்போதுதான் காற்று என் பக்கம் திரும்பியது. பெட்ரோல் வாசம்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. அவள் குச்சியைப் பெட்டியில் உரசப் போகும்போது கையில் ஓங்கி அடித்தேன். தீப்பெட்டி பறந்துபோய் வாய்க்காலில் விழுந்தது.  அம்மா அடிபட்ட கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் வயதுக்கு நான் அவள்மேல் கை வைத்தது அதுதான் முதல் தடவை. 

டிக்கியைத் திறந்தால் வாசம் முகத்தில் அறைந்தது. உள்ளே ஐந்து லிட்டர் கேன் ஒன்று கவிழ்ந்து, மூடி கழன்று கிடந்தது. வரப்பில் புல் வெட்டும் மெஷினுக்கு இரண்டு நாளைக்கு முன்பு நானே வாங்கி, நானே வைத்து, நானே மறந்த பெட்ரோல். வண்டியென்றால் வாசம் வரத்தான் செய்யும் என்று அவர்கள் இருவரும் விட்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம், எரிவது பெட்ரோல் அல்ல, அதன் ஆவி என்று வருடா வருடம் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். அம்மாவின் கற்பூரத்தைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டமும் நடையும்தான். நெல்காரர் காதில் செருகியிருந்த பீடியை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு வந்தார். நெல்லில் ஒரு சொட்டு விழாமல் பார்த்துக்கொள்ளும்படி மட்டும் கேட்டுக்கொண்டார். கேனையும் ஊறிப்போன டிக்கி விரிப்பையும் நான் தூரத்துத் தரிசில் கொண்டுபோய்ப் போட்டேன். காரை நியூட்ரலில் வைத்து, மூவரும் சேர்ந்து நெல்லிலிருந்து பின்னுக்குத் தள்ளி, இருபதடி தள்ளி நிறுத்தினோம். டிக்கியையும் நான்கு கதவையும் திறந்து போட்டோம். சைலன்சரில் சிக்கியிருந்த வைக்கோலைக் குச்சியால் ஒவ்வொன்றாக இழுத்தேன். அடியில் தண்ணீரோ எண்ணெயோ பெட்ரோலோ சொட்டவில்லை. பம்பர் உடைந்திருந்தது, ஒரு விளக்கு போயிருந்தது, சக்கரம் எதிலும் உரசவில்லை. அம்மாவின் பெட்டி நல்லவேளையாகப் பின்சீட்டில் இருந்தது.

மணி ஐந்து ஐம்பது. இன்னும் வாசம் இருந்தது. போதும், போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னது மூக்கு அல்ல, கடிகாரம். அவர்கள் இருவரையும் வயலோரத்து மோட்டார் கொட்டகைப் பக்கம் போய் நிற்கச் சொல்லிவிட்டு, ஏறி உட்கார்ந்து சாவியைத் துளையில் வைத்தேன்.

பக்கத்துக் கதவு வழியாக அம்மா ஏறினாள். உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டத் தொடங்கினாள்.

"இறங்கும்மா. ஸ்டார்ட் பண்ணிட்டுக் கூப்புடுறேன்."

"நீ மட்டும் எதுக்கு உக்காந்துருக்க?"

"ஒருவேளை ஏதாவது ஆச்சுன்னா..."

"ஆகும்னா நீயும் எறங்கு. ஆகாதுன்னா நானும் உக்காருறேன்."

அடி வாங்கியபின் அவள் பேசிய முதல் பேச்சு அது.  என்னைப் பணயம் வைக்கலாம் என்று நினைத்தேனே, அது அவளுக்கு எப்படி இருக்கும் என்று நினைக்கவே இல்லை. விமானம் போனால் போகட்டும். சாவியை உருவிக்கொண்டு இறங்கினேன். அவளும் இறங்கினாள்.

நெல்காரர் நெல் தூற்றுகிற முறத்தை எடுத்துவந்து டிக்கிக்குள் வீச ஆரம்பித்தார். தூசி பறக்க வேண்டிய முறத்தில் பெட்ரோல் ஆவி பறந்தது. அவர் கை ஓய்ந்தபோது நான் வாங்கி வீசினேன். கிழக்கே வெளுக்கத் தொடங்கியது. கால் மணி நேரத்துக்குப் பிறகு அம்மா டிக்கிக்குள் தலையை நுழைத்து மோந்து பார்த்தாள். பத்து மூட்டையில் எந்த மூட்டை நெல் சூடேறியிருக்கிறது என்று மூக்காலேயே சொல்லக்கூடியவள். மூலை முடுக்கெல்லாம் மோந்துவிட்டு, இப்போது எடு என்றாள். பிறகு மஞ்சள் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து முன் சக்கரத்தடியில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது எரியாதுல்ல?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கதவுகளைச் சாத்தி, இருவரும் பெல்ட் போட்டுக்கொண்டோம். கிளட்ச், ஒரு கட்டம், காத்திருப்பு, சாவி. இரண்டாவது தடவையில் பிடித்தது. இரண்டு நிமிடம் அப்படியே ஓடவிட்டு, சிவப்பு விளக்கு எதுவும் எரிகிறதா, சூட்டு முள் ஏறுகிறதா என்று பார்த்தேன். பத்தடி நகர்த்திப் பிரேக் பிடித்துப் பார்த்தேன். நெல்காரர் கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டியது பனிக்குள் கொஞ்ச தூரம் தெரிந்தது. தஞ்சாவூர் தாண்டும்போது வெயில் வந்துவிட்டது. விமான நிலைய வாசலில் இறங்கியபோது மணி எட்டரை.

வாசலில் நின்று மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அம்மா என்னைப் பேசவே விடவில்லை.

"முட்டினத அவகிட்ட சொல்லாத, புள்ளத்தாச்சி பயந்துக்கும். நீ அடிச்சத நான் சொல்லிக்கிறேன்."

பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இரவு எட்டு மணிக்குத் தங்கை போன் செய்தாள். எடுத்ததும் என்ன கேட்கப் போகிறாளோ என்று நான் தயங்க, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வந்து இறங்கியதிலிருந்து அம்மா அவள் வயிற்றைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லையாம். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களிடமெல்லாம் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறாளாம்.

"'என் பெரிய பொண்ணு அடிச்ச கை இது, அவ அடிக்கலன்னா நான் இங்க வந்துருக்க மாட்டேன்'னு பெருமையா சொல்லிக்கிட்டிருக்குக்கா அம்மா," என்றாள்.