கொரியாவிலிருந்து பதிந்த ஞாயிற்றுக்கிழமை

அந்தச் சனிக்கிழமை காலை மண்டபத்து ஹாஜியாரின் அழைப்பு வந்தபோது நான் சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக் குசினியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்தே வெப்சைட் செய்து கொடுப்பது என் தொழில். கல்முனையில் ஹாஜியாரின் கலியாண மண்டபத்துக்கு ஒரு பதிவுத் தளம் உண்டு. யார் எந்த நாளுக்கு மண்டபம் எடுத்திருக்கிறார்கள் என்பதை அதில்தான் பார்ப்பார்கள். அதைச் செய்தவர் வெளிநாடு போய்விட்டதால், பராமரிக்கும் வேலை அந்த மாதம்தான் என் கைக்கு வந்திருந்தது.

“புள்ள, இண்டைக்கு வலீமா விருந்துக்காரர் ஒருத்தரையும் காணல்ல. கதிரை மேசையெல்லாம் போட்டாச்சு, சமையல்காரர் கூட வரல்ல. மாப்பிள்ளைட நம்பர் கொரியா நம்பர், வேலை செய்யுதில்ல. வேற நம்பர் ஒண்டு இரிக்கா எண்டு பாருங்க.”

அடுப்பைத் தணித்துவிட்டு லெப்டொப்பைத் திறந்தேன். மாப்பிள்ளை பெயரைப் பார்த்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. எங்கள் பின்வீதிப் பெண்ணைக் கலியாணம் முடித்தவர். முந்திய நாள் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகுதான் பள்ளிவாசலில் நிக்காஹ் நடந்தது. வலீமா அழைப்பிதழ் எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. எழுந்து போய் அதை வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை. திரும்பி வந்து திரையைப் பார்த்தேன். சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே மருதமுனைக் குடும்பம் ஒன்றின் பெயர் இருந்தது.

ஒரே மண்டபம், ஒரே பகல், இரண்டு கலியாணம். இரண்டு பக்கமும் ஊரையே அழைத்திருப்பார்கள்.

“என்னடி, ரொட்டி கருகுது!” என்று உம்மா சத்தம் போட்டார். அபாயாவை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

பெண் வீட்டில் அவளுடைய வாப்பாவும் மாப்பிள்ளையும் வாசலில் மின்குமிழ் மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லி முடித்ததும் வாப்பாவின் கையிலிருந்த வயர் கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. அப்படியே படிக்கட்டில் குந்திவிட்டார்.

“நான் ஞாயிறுதான் போட்டன்,” என்றார் மாப்பிள்ளை. “என்ர கையால போட்டன் தங்கச்சி. ஹாஜியார் வேற ஆளுக்குக் குடுத்துட்டு இப்ப கதை மாத்துறார்.”

மூன்று பேரும் கல்முனைக்குப் போனோம். மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டிய கதிரைகள் வரிசையாகக் கிடந்தன.

“சனி எண்டுதான் எங்களுக்கு வந்திரிக்கு. நான் ஏன் தம்பி பொய் சொல்ல?” என்றார் ஹாஜியார்.

மாப்பிள்ளை போனை நீட்டினார். பதிந்த அன்றே கொரியாவில் வைத்து எடுத்த ஸ்கிரீன்ஷொட். ஞாயிற்றுக்கிழமை என்று தெளிவாக இருந்தது. ஹாஜியாரின் முகம் வெளிறியது.

“இப்ப அதே பக்கத்தைத் திறந்து பாருங்க,” என்றேன் நான்.

திறந்தார். சனிக்கிழமை. அதே போன், அதே பதிவு.

“வல்லாஹி, நான் இதில கை வைக்கல்ல,” என்றார் மாப்பிள்ளை.

நான் லெப்டொப்பை ஒரு மேசையில் வைத்து, அதன் மணிக்கூட்டைக் கொரியா நேரத்துக்கு மாற்றினேன். பக்கத்தை மறுபடி திறந்ததும் சனி ஞாயிறானது. இலங்கை நேரத்துக்குக் கொண்டுவந்தேன். ஞாயிறு சனியானது. வாப்பா வாயில் கை வைத்தபடி நின்றார். சந்தேகப்பட்டுத்தான் செய்து பார்த்தேன், ஆனாலும் ஒரு மனிதரின் கலியாண நாள் கண் முன்னால் தாவுவதை நான் முன்பு பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். திகதியை வெறும் திகதியாக வைக்காமல், அந்த நாள் பிறக்கும் நள்ளிரவு என்ற நேரமாகத் தளம் சேமித்திருந்தது. கொரியாவில் ஞாயிறு பிறக்கும்போது இங்கே இன்னும் சனி இரவுதான், இஷா தொழுதுவிட்டுச் சோறு தின்னும் நேரம். அந்த நேரத்தை இங்கே திறந்தால் சனி என்றுதான் காட்டும். நம் ஊர்க்காரர் பதிந்தால் பிழை வராது. கட்டாரில் இருந்து பதிந்தாலும் வராது, அவர்களுடைய நள்ளிரவு இங்கே அதே நாள் அதிகாலை. கிழக்கே இருந்து பதிந்தவர் இவர்தான் முதல் ஆள் என்று நினைத்தேன்.

ஹாஜியார் மருதமுனைக் குடும்பத்துக்குப் போன் எடுத்தார். அந்த வீட்டுப் பெண்ணின் உம்மா, ஒரு டீச்சர், நேரில் வந்தார். “யா அல்லாஹ், நாளைக்கு ரெண்டு மாப்பிள்ளையும் வாசல்லயா சந்திச்சிருப்பாங்க?” என்றார். பிறகு பின்வீதிப் பெண்ணின் வாப்பாவைப் பார்த்து, ஒரு அண்ணனிடம் பேசுவதுபோல், “எங்கட ஆக்கள் பகல் சாப்பிட்டு, பின்னேரம் அசருக்கு எழும்பிருவாங்க. நீங்க பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு வையுங்க காக்கா. ரெண்டும் நடக்கட்டும்,” என்றார்.

வாப்பாவுக்கு அழுகை வந்துவிட்டது. நேரம் மாறிய செய்தி அப்போதே வட்ஸ்அப்பில் போனது, நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் சொன்னார்கள்.

நான் வெறும் மண்டபத்திலேயே உட்கார்ந்து தளத்தைத் திருத்தினேன். வருடம், மாதம், நாள் மூன்றையும் எழுத்தாகவே சேமிக்கவும், எந்த நாட்டிலிருந்து திறந்தாலும் அப்படியே காட்டவும் மாற்றினேன். முடித்துவிட்டுப் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அடுத்த மாதத்தில் அதே மாதிரி இன்னொன்று, அவுஸ்திரேலியாவிலிருந்து.

அந்த நம்பருக்கு நானே எடுத்தேன். ஒரு பெண் பேசினார். தம்பியின் கலியாணமாம்.

“உங்கட நாள் வெள்ளியா, வியாழனா?”

“வெள்ளி. ஏன் கேக்கிறீங்க?”

“இங்க வியாழன் எண்டு கிடந்திச்சு.”

“கலியாணக் காட் அடிச்சாச்சே!” என்று அந்தப் பக்கம் ஒரு அலறல். அந்த வெள்ளி இன்னும் யாருக்கும் போகவில்லை என்று சொல்லி ஆறுதல்படுத்தி, பதிவை வெள்ளிக்கு மாற்றினேன்.

ஞாயிறு அசருக்குப் பிறகு மண்டபத்துக்குப் போனேன். மருதமுனை ஆட்கள் போகாமல் நின்று, எங்கள் வீதி ஆட்களோடு சேர்ந்து மேசை துடைத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் மேடைப் பூக்களைக் கழற்ற விடவில்லை. “அவங்களுக்கும் இருக்கட்டும்,” என்றார். மஃரிபுக்குச் சற்று முன் அவருடைய மகள் புறப்பட, எங்கள் பின்வீதிப் பெண் காரில் வந்து இறங்கினாள். இரண்டு மணப்பெண்களும் வாசலில் நின்று ஒருவரையொருவர் திகைத்துப்போய்ப் பார்த்தார்கள். வந்தவள் ஸலாம் சொன்னாள். போகிறவள் அவளுடைய முக்காட்டின் ஓரத்தைச் சரிசெய்துவிட்டு, காரில் ஏறினாள்.