வெயிலுக்கு நிற்காத மஞ்சள்

1979 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. விழுப்புரத்திலிருந்து வந்த மீட்டர்கேஜ் வண்டி என்னை இறக்கிவிட்ட நிலையத்தின் பெயர்ப் பலகையில் ‘ஆரணி ரோடு’ என்று எழுதியிருந்தது. பெயரில் ‘ரோடு’ ஒட்டிக்கொண்டிருந்தால் ஊர் அங்கே இல்லை என்று அர்த்தம். நாகர்கோவிலிலிருந்து பெட்டியைச் சுமந்து வந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. வெளியே நின்றிருந்த பஸ்ஸின் நடத்துநரிடம் ஆரணி எங்கே என்று கேட்டேன்.

“இன்னும் பத்துப் பன்னெண்டு கிலோமீட்டரு போவணும் சார். ரயிலு ஊராண்ட வரல, ஊரும் ரயிலாண்ட வரல. ஜல்தி ஏறுங்க” என்றார்.

அவருடைய ‘ஜல்தி’ எனக்கு வெல்லமாக இனித்தது. நான் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவன். நம்முடைய சரித்திரத்தில் பாதியை மலையும் ஆறும் கடலும் எழுதின, மீதியைத் தெய்வங்கள் எழுதின என்று வருஷா வருஷம் மாணவர்களைத் தூங்கவைத்துக்கொண்டிருப்பவன். வடக்கே கணவாய்கள் திறந்திருந்ததால் குதிரைப்படைகள் வந்தன. ஆர்க்காட்டு நவாபுகள் போய்ச் சேர்ந்த பிறகும் அவர்களுடைய ஒரு சொல் இந்த நடத்துநர் வாயில் பிழைத்துக் கிடக்கிறது. மேற்கே ஜவ்வாது மலை நீலமாகத் தெரிந்தது. கிழக்கே கடல் வரை தடுக்க ஒன்றுமில்லாத சமவெளி. வந்தவர் எல்லாரும் இந்த வழியாகத்தான் நடந்திருப்பார்கள். நெசவாளிகளும் அப்படித்தான், ஆற்றையும் கோயிலையும் பார்த்துப் பார்த்து இடம்பெயர்ந்தவர்கள். கமண்டல நாகநதி கோடையில் மணலாகக் கிடந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து இதையெல்லாம் நினைத்து எனக்கு நானே தலையாட்டிக்கொண்டு போனேன்.

ஆரணியில் என் சிநேகிதன் தேவதாஸ் காத்திருந்தான். வேலூரில் ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். அவன் இங்கே பள்ளி ஆசிரியர். திங்கட்கிழமை அவன் ஒரே மகள் கிருபாவுக்குக் கல்யாணம், வந்தவாசிக்கு அப்பால் தெள்ளாரில், மாப்பிள்ளை வீட்டுச் சபையில். தேவதாஸ் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். குடியிருப்பது நெசவாளர் தெருவில். ஒட்டினாற்போல் அடுத்த வீடு முனுசாமியுடையது. முனுசாமி பட்டு நெய்பவர். அவர் மனைவி ருக்மணிதான், தாயில்லாத கிருபாவுக்குத் தலைவாரிப் பூவைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பியவர். கிருபாவுக்கு அவர் அத்தை.

கல்யாணப் பெண் சர்ச்சில் உடுத்தும் வெள்ளைப் பட்டை அத்தை வீட்டுத் தறியில்தான் நெய்ய வேண்டும் என்பது கிருபாவின் ஆசை. வெள்ளைச் சேலையில் கல்யாணம் என்பது கப்பலேறி வந்த வழக்கம். ஆரணித் தறிக்கு அது புதிது. சுமங்கலி இருக்கும் வீட்டில் வெறும் வெள்ளை இழையில் பாவு போடுவதா என்று தெருவே கேட்டதாம். ருக்மணி இரண்டு நாள் யோசித்துவிட்டு, குழந்தை ஆசைப்பட்டுவிட்டது, போடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். இதைத் தேவதாஸ் பெருமையாகச் சொன்னான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என் அடுத்த வகுப்புக்கு உதாரணம் கிடைத்துவிட்டது என்று வேறு சந்தோஷப்பட்டேன்.

சனிக்கிழமை காலை சேலையைத் தறியிலிருந்து அறுத்தார்கள். மெல்லிய ஜரிகைக்கரை, மற்றபடி பால்வெள்ளை. அதே நேரம் மாப்பிள்ளையின் பெரியப்பா தெள்ளாரிலிருந்து ஏற்பாடுகளைப் பார்க்க வந்து தேவதாஸ் வீட்டு நடுக்கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சபையில் மூப்பர், கறாரானவர். ருக்மணி தாம்பாளத்தில் சேலையையும் மல்லிகையையும் வைத்து எடுத்து வந்தார். முந்தானை மூலையில் விரலகலத்துக்கு மஞ்சள் ஈரமாக மின்னியது.

புதுத்துணி எதுவானாலும் மூலையில் மஞ்சள் தொட்டுவைப்பது ருக்மணிக்குக் கையோடு வந்த பழக்கம். கிருபாவின் பள்ளிக்கூடப் பாவாடைக்கு வைத்தார், கிறிஸ்துமஸ் கவுனுக்கு வைத்தார். தேவதாஸ் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இன்றும் சும்மா இருந்திருப்பான். பெரியப்பா காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “இது என்னங்க, மஞ்சளா? சர்ச்சுக்குக் கட்டிகினு போற பொடவை இல்லீங்களா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தேவதாஸைச் சுட்டது.

அவன் விருட்டென்று எழுந்து சேலையை வாங்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனான். நான் எட்டிப்பிடிப்பதற்குள் மூலையில் சோப்பைப் போட்டுத் தேய்த்துவிட்டான். மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டில் சமையற்கட்டுக்குள் நுழைந்த எவனுக்கும் தெரியும். அவசரத்தில் அவன் மறந்தான். மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறி, உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. பெரியப்பா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க சாமி வழக்கத்த எம் பொண்ணு மேல ஏன் ஏத்தறீங்க?” என்று தேவதாஸ் ருக்மணியைப் பார்த்துக் கத்தினான்.

தெருவில் தறிச்சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. ருக்மணி மெதுவாக, “நல்ல தண்ணில அலசி வெயில்ல போட்டா போயிடுங்க. மஞ்ச வெயிலுக்கு நிக்காது” என்றார். அவன் காதில் வாங்கவில்லை. முனுசாமி சேலையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மத்தியானமே தேவதாஸ் கடைவீதியில் வேறொரு வெள்ளைச் சேலை வாங்கி வந்துவிட்டான். எனக்கு அவன் மேல் கோபம் கோபமாக வந்தது.

மாலைக்குள் சேலை பழையபடி வெள்ளையாகிவிட்டது. மே மாத வெயில் கறையை இருந்த இடம் தெரியாமல் எடுத்துவிட்டது. கிருபா அதைக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினாள். அவன் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். அவள் சேலையை அடுத்த வீட்டிலேயே திருப்பி வைத்துவிட்டு வந்து, நீங்களாவது சொல்லுங்கள் மாமா என்று என்னிடம் கெஞ்சினாள். சொன்னேன். தேவதாஸ் என்னை நிமிர்ந்து பார்க்காமல் பதில் சொன்னான்.

“கறை போயிடுச்சுப்பா, நானும் பாத்தேன். ஆனா அவரு பாத்துட்டாரே. நாளைக்கு எம் பொண்ணு அந்த வீட்டுல இருக்கணும் இல்ல?”

கோபம் இறங்கி, அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

திங்கட்கிழமை விடியற்காலையில் தெள்ளாருக்கு வேன் வந்தது. அந்நேரத்துக்கு நெசவாளர் தெருவில் வண்டி நுழைய முடியாது. தறியில் ஏற்றப்போகும் நெட்டிழைகளை, பாவை, தெரு நெடுக நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் பாவைச் சுருட்டி வழிவிடுவது அந்தத் தெருவின் ஏற்பாடு. தேவதாஸ் வீட்டு எதிரில் நீண்டிருந்தது முனுசாமியின் பாவு. அவர் எங்களை ஏறிட்டுப் பார்க்காமல், இழை சிக்காமல் நிதானமாகச் சுருட்டி ஓரமாக நின்றார். வேனில் தெருக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். முனுசாமி ஏறவில்லை. ருக்மணி வாசலுக்கே வரவில்லை. கிருபா கடைச் சேலையில் உட்கார்ந்து, தெரு முடிகிற வரை அத்தை வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தெள்ளார் சுமார் ஐம்பது கிலோமீட்டர். கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. பெரியப்பா எல்லாரையும் தானே உபசரித்தார்; நல்ல மனிதர் என்றுகூட எனக்குத் தோன்றியது. சாப்பாட்டுக்குப் பின் கிருபா என்னைத் தனியே கூப்பிட்டு, முந்தானையின் உள்மடிப்பைத் திருப்பிக் காட்டினாள். கடுகளவு மஞ்சள். அவளே வைத்துக்கொண்டது.

“அத்தைகிட்ட சொல்லிடுங்க மாமா. அந்தப் பொடவைய வச்சிருக்கச் சொல்லுங்க. மறுவீடு வரும்போது கட்டிக்கிறேன்.”

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் ஆரணி திரும்பினேன். இவ்வளவு நல்ல சேதியைச் சுமந்துகொண்டு நான் எந்த ஊருக்கும் போனதில்லை. நேரே முனுசாமி வீட்டுக்குப் போய், கொல்லைப்புறம் இருந்த ருக்மணியிடம் மஞ்சள் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

“வச்சுகினாளா? அவளேவா?” என்று இரண்டு தடவை கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அவருக்குப் பின்னால் கொடியைப் பார்த்தேன். மெல்லிய ஜரிகைக்கரை போட்ட சேலை ஒன்று அரக்குச் சிவப்பில், இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதை அவர் கவனித்தார்.

“அதே பொடவைதாங்க. வெள்ளப் பட்டு இந்த ஊருல யாரு வாங்குவா? நேத்துதான் சாயத்துல போட்டோம், இப்பதான் அலசிக் காயப்போட்டேன். கடைக்காரரு சாயங்காலம் எடுத்துகினு போவாரு. வெள்ளயா வீட்டுல வச்சிகினு பாக்க எனக்கு மனசு வரலீங்க சார்.”

ஒரே ஒரு நாள் பிந்திவிட்டேன். சேலையை வைத்திருக்கச் சொன்ன சேதியின் மறுபாதி இன்னும் என்னிடம் மிச்சமிருந்தது. மலர்ந்த அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. சேலை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். நல்லாத்தான் இருக்குது என்றார் அவரும்.

எங்கள் நாகர்கோவிலில் கோயில் மணியும் சர்ச் மணியும் ஒரே காற்றில் வரும். அதைக் கேட்டு வளர்ந்ததாலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறேன். மலையும் கடலும் மதமும் சேர்ந்து மனிதர்களை எங்கெங்கோ கொண்டுபோய்க் குடிவைக்கின்றன, அது சரிதான். அடுத்தடுத்த வீட்டில் குடிவைத்த பிறகு, காப்பி குடிக்க வந்த ஒருவர் கேட்ட ஒரு கேள்வி அவர்களைப் பிரிக்கப் போதுமாக இருக்கிறது.

மாலையில் ஆரணி ரோடு நிலையத்தில் அதே பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். இந்நேரம் கடைக்காரர் வந்து எடுத்துப் போயிருப்பார். மறுவீட்டுக்கு வருகிற கிருபா நேரே அத்தை வீட்டுக்குத்தான் ஓடுவாள், சேலை எங்கே என்று கேட்பாள். நான் பாதிதான் சொன்னேன் என்பது அப்போதுதான் ருக்மணிக்குத் தெரியும்.