ஆறு கோடு போட்ட புட்டி

1. ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கடல் தாண்டிப் பிழைக்க வந்து, இங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பெரியசாமிக்கு டாக்டர் எழுதிய இருதய மருந்தை, ஆஸ்பத்திரி மருந்தறையில் நான் கலந்தேன். பன்னிரண்டு வேளை, நான்கு நாளுக்கு.

2. படிக்கத் தெரியாதவர்களுக்காகப் புட்டியின் பக்கத்தில் கோடு வெட்டிய காகிதம் ஒட்டுவோம். காலையிலேயே கட்டாக வெட்டி, பன்னிரண்டு கோடு ஒரு டப்பாவிலும் ஆறு கோடு இன்னொன்றிலும் வைப்பேன். அன்று டப்பாவை மாற்றி எடுத்துவிட்டேன்.

3. “ஒரு கோடு ஒரு வேளையா மிஸ்ஸி?” என்று அவர் மனைவி செல்லம் கேட்டாள்; ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண்களை இங்கே மிஸ்ஸி என்பார்கள். நிமிராமல் ஆமாம் என்றேன்.

4. வெள்ளிக்கிழமை அவரை ரிக்‌ஷாவில் கொண்டுவந்தார்கள். ஓயாத வாந்தி. நாடி மிகவும் இறங்கி, நினைவும் தப்பத் தொடங்கியிருந்தது.

5. நான்கு நாள் மருந்து இரண்டு நாளில் தீர்ந்திருந்தது. மனைவி அளவு தவறிக் கொடுத்தாள் என்று பதிவேட்டில் எழுதினார்கள்.

காலிப் புட்டியை நான் பார்த்தேன். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு கோடு; ஒவ்வொரு வேளையும் இரட்டிப்பு. பேசாமல் இருந்தேன்.

பெரியசாமியின் அண்ணன் வராந்தாவில் நின்று செல்லத்தைத் திட்டினார். “என் தம்பிய கொல்லப் பாத்தவ. திங்கக்கிழமை கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிடறேன்.”

“கோடு பாத்துத்தான் குடுத்தேன் மாமா,” என்றாள் அவள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அன்று முழங்காலில் நின்று, அவர் பிழைக்க வேண்டும், அந்தப் புட்டி தொலைந்துபோக வேண்டும் என்று ஜெபித்தேன். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன். ஆறுதல் வரவில்லை.

சனிக்கிழமை மாலை எங்கள் சபையின் வாலிபர் சங்கம் கூடியது. அன்று கூட்டத்தை நடத்த வேண்டிய முறை என்னுடையது. “உண்மை என்பது என்ன?” என்ற தலைப்பை ஒரு மாதம் முன்பே நான்தான் கொடுத்திருந்தேன்.

“எங்க ஆபீஸ்ல பெரிய கிராணி சொல்றதுதான் உண்மை,” என்றார், பெரிய கிராணியான தலைமைக் குமாஸ்தாவின் கீழ் குமாஸ்தா வேலை பார்க்கும் தேவசகாயம். எல்லோரும் சிரித்தார்கள். “அவர் ரெஜிஸ்டர்ல எழுதிட்டா ஆண்டவரே வந்தாலும் மாத்த முடியாது லா.”

“தப்பா எழுதியிருந்தா?” என்று கேட்டேன்.

“அப்போ உண்மை வேற யார்கிட்டயோ இருக்குன்னு அர்த்தம். வச்சிருக்கிறவங்கதான் சொல்லணும்.”

“சொல்லலன்னா?” என்றாள் பள்ளி ஆசிரியை ரூத்.

“சொல்லலன்னா என்ன, அடுத்தவங்க சுமப்பாங்க.”

முடிவு ஜெபம் நான் செய்ய வேண்டும். எழுந்தேன். ஜெபம் வரவில்லை. மேலே எண் போட்டு எழுதிய ஐந்தையும் வரிசையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தேவசகாயம் தலையைக் குனிந்துகொண்டார்.

“திங்கக்கிழமை வரைக்கும் வச்சிருக்காதீங்கக்கா. நானும் வரேன்,” என்று ரூத் என் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் சொன்னேன்; முழுவதையும் கேட்டார். புட்டியை வரவழைத்துப் பார்த்தார். பதிவேட்டு வரியை அடித்துத் திருத்தினார். நாளை முதல் மருந்தறைக்கு வர வேண்டாம் என்றார்.

செல்லத்தின் அருகில் நின்றிருந்த அண்ணனிடமும் சொன்னேன். அவர் நம்பவில்லை. “பொம்பளைக்குப் பொம்பள பரிஞ்சு பேசுறீங்க மிஸ்ஸி. கப்பல் கப்பல்தான்,” என்றார்.

உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று செய்த ஜெபத்தில் எனக்கென்று கேட்க ஒன்றும் இல்லை. பெரியசாமியைப் பிழைக்க வையும், அவளை அனுப்ப விடாதேயும் என்றேன். நம்பிக்கையோடு கேட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

ஞாயிறு பிற்பகல் பெரியசாமி கண் திறந்தார். முதலில் கேட்டது செல்லத்தை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “இவ எங்கயும் போக மாட்டா அண்ணே,” என்றார். குரல் மெல்லத்தான் வந்தது. ஆனாலும் தம்பியின் அந்தச் சொல்லை அண்ணன் மீறவில்லை. திங்கட்கிழமை கப்பல் அவளில்லாமல் போனது.

இதை என் ஜெபத்துக்கு வந்த பதில் என்றே நம்புகிறேன், ஸ்தோத்திரம் செலுத்துகிறேன். புட்டி தொலையாததும் பதில்தான். இதை வாசிக்கிற உங்களில் யாரிடமாவது அடுத்தவர் சுமக்கிற உண்மை ஒன்று இருந்தால், மறைக்க இடம் கேட்காதீர்கள். சொல்ல வாய் கேளுங்கள். அது கொடுக்கப்படும். அதற்குமேல் என்ன கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

இப்போது நவம்பர். பெரியசாமியால் மூட்டை தூக்க முடியவில்லை. செல்லம் ஒரு வீட்டில் துணி துவைக்கிறாள். அண்ணன் அவளோடு இன்னும் பேசுவதில்லை. எனக்கு எந்த மருந்தறையிலும் வேலை கிடைக்கவில்லை.