மகளின் கைக்கேம்

போன மாதம் கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில், ஹ்விடோவ்ரேயில் மகளின் வீட்டுக்குப் போயிருந்தேன். புதிதாக ஒரு கேம் பெட்டி வாங்கியிருக்கிறாள். சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு தொலைக்காட்சி, அதற்குக் கீழே அந்தக் கறுப்புப் பெட்டி. "அம்மா, ஒருக்கா விளையாடிப் பாருங்கோவன்" என்று கைப்பிடியை நீட்டினாள். பெட்டி கண் விழித்தது. எங்கேயோ இருந்து எதையோ இறக்கியது. பொறுத்திருக்கும்படி டேனிஷில் எழுதிக் காட்டியது. நான் எழுந்து போய் தேநீர் போட்டுக் குடித்து முடித்த பிறகும் அது ஆயத்தமாகவில்லை.

ஒரு வழியாகத் தொடங்கினால், படம் ஓடுகிறது. குதிரையில் வந்த ஒருவன் மழையில் நனைந்தபடி தன் குடும்பக் கவலையைச் சொல்கிறான். அவனுடைய தலைமயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக நனைகிறது. "எப்ப விளையாடுறது?" என்று கேட்டேன். "இதுவும் விளையாட்டுத்தான், அம்மா" என்றாள். எனக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது. கவலை கேட்க இன்னொருவன் தேவையில்லை.

அவள் சிரித்தாள். ஆனால் நான் பகிடிக்குச் சொல்லவில்லை. நல்ல விளையாட்டு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

நாங்கள் ரண்டர்ஸ் நகரத்தில் இருந்த காலத்தில், அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது, பழைய சாமான் சந்தையில் ஒரு கைக்கேம் வாங்கிக் கொடுத்தோம். சாம்பல் நிறம். மூலையில் ஒரு வெடிப்பு. நாலு பற்றரி போட வேண்டும். திரை பாசி பிடித்த தண்ணீர் நிறத்தில் இருக்கும், அதற்கென்று சொந்த வெளிச்சமும் கிடையாது. யன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தால்தான் எதுவும் தெரியும். அதற்குள் இருந்ததும் ஒரேயொரு விளையாட்டு. மேலே இருந்து கட்டைகள் விழும், இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிறமும் இல்லை, கதையும் இல்லை. ஆனால் இடப்பக்கம் தள்ளினால் கட்டை அந்தக் கணமே இடப்பக்கம் போகும். தோற்றால் அது முழுக்க என் பிழை. குறையை மூடி மறைக்கப் படமோ பாட்டோ இல்லாததால், அதைச் செய்தவன் விளையாட்டை ஒழுங்காகச் செய்திருந்தான். முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து வருகிற பஸ்ஸில் அதைத்தான் கையில் வைத்திருப்பேன். பிள்ளையின் சாமானை எடுத்து விளையாடுகிற தாய் என்று யாரும் நினைத்தால் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இன்னொரு குணமும் அதற்கு இருந்தது. எத்தனை ஆயிரம் புள்ளி எடுத்தாலும் அணைத்தவுடன் மறந்துவிடும்.

மகளுக்குப் பதினாறு வயதானபோது வீட்டில் பெரிய கேம் பெட்டி வந்துவிட்டது. கைக்கேம் பழைய சப்பாத்துகளோடு பெட்டிக்குள் போனது. அந்த வருடம்தான் ஊரில் யுத்தம் கடைசிக் கட்டத்துக்கு வந்தது.

அந்த மாதங்களில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி செய்திக்கு மட்டும்தான். ஒரு நாள் என் கணவர் கேம் பெட்டியின் மூன்று நிற வயர்களையும் இழுத்து எடுத்துவிட்டு, தமிழ்ச் செய்தி வருகிற பெட்டியின் வயரை அதில் செருகினார். "அங்க சனம் செத்துக்கொண்டிருக்கு. இங்க நீ துவக்கு வைச்சு விளையாடுறியோ?" என்றார். அது வெறும் கேம் என்று அவள் டேனிஷில் கத்திவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினாள். மறுநாள் சப்பாத்துப் பெட்டிக்குள்ளிருந்து கைக்கேம் வெளியே வந்தது. தொலைக்காட்சியைப் பறிக்கலாம், அதை யாரும் பறிக்க முடியாது. இரண்டு கிழமையில் அது அவள் கையிலிருந்து என் கைக்கு வந்துவிட்டது.

அப்போது யார் வீட்டிலும் பிறந்தநாள் இல்லை, கொண்டாட்டம் இல்லை. சத்தமாகச் சிரித்துவிட்டால் உடனே வாயைப் பொத்திக்கொள்வோம். நான் சத்தத்தைக் குறைத்து, குசினி யன்னலோடு நின்று விளையாடினேன். வெட்கமாகத்தான் இருந்தது. விளையாடாவிட்டால் விசர் பிடித்திருக்கும்.

என் தங்கை அங்கே, சண்டை நடக்கிற இடத்துக்கு உள்ளே இருந்தாள். அவளும், கணவனும், இரண்டு பிள்ளைகளும். மாசிக்குப் பிறகு ஒரு சொல் வரவில்லை.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை. யுத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கொப்பன்ஹேகனில் ஊர்வலம் என்று கணவரும் மகளும் விடியவே பஸ் ஏறிவிட்டார்கள். யாராவது ஒருவர் வீட்டுத் தொலைபேசிக்குக் காவல் இருக்க வேண்டும். தங்கைக்கு மனப்பாடமான இலக்கம் அது ஒன்றுதான். அந்தக் காவலுக்கு நான் நின்றேன்.

பின்னேரம் தொலைபேசி அடித்தது. நான் கேமை நிறுத்தி வைத்துவிட்டு ஓடிப்போனேன். ஓடிப்போய், அதற்கு முன்னால் நின்றேன்.

எடுக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் இது விளங்கும். ஊரில் இருந்து அழைப்பு வந்தால் எடுக்கக் கூடாது. எடுத்தால் அவர்களுக்குக் காசு போய்விடும். இரண்டு தரம் அடித்துவிட்டு வெட்டுவார்கள், நாங்கள் இங்கிருந்து திருப்பி எடுப்போம். பதினெட்டு வருடமாக அப்படித்தான் ஊரோடு கதைத்தோம். என் கை எடுக்க மறந்தே போயிருந்தது. மணி இரண்டு தரம் அடித்தது, மூன்று, நாலு, ஐந்து. சரி, வெட்டட்டும் என்று நின்றேன். வெட்டுப்பட்டது.

திரையில் முன்பின் தெரியாத நீண்ட இலக்கம். திருப்பி எடுத்தேன். இணைப்புக் கிடைக்காது என்று ஒரு பெண்ணின் குரல் ஆங்கிலத்தில் சொன்னது. நாலு தரம் எடுத்தேன், நாலு தரமும் அதே பெண். யாரோ இலக்கம் மாறி அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். குசினிக்குப் போனேன். கட்டைகள் விட்ட இடத்திலேயே அந்தரத்தில் நின்றன. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அன்றைக்கு எடுத்த புள்ளியை அதற்கு முன்னும் எடுத்ததில்லை, பின்னும் எடுத்ததில்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கணவர் சப்பாத்தைக் கழற்றாமலே போய்த் தொலைபேசியைப் பார்த்தார்.

"இது சற்றலைற் போன் இலக்கமெல்லே. உள்ளுக்க இருந்துதான் வந்திருக்கு. எடுத்தனீரோ?"

"வெட்டினாப் பிறகு எடுப்பம் எண்டு..."

அவர் ஏசவில்லை. அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும். நான் குசினிக்குப் போய்க் கைக்கேமை அணைத்தேன். அந்தப் புள்ளி அழிந்தது. பெரிய பெட்டி என்றால் திகதியோடும் நேரத்தோடும் எழுதி வைத்திருக்கும். இது மறந்துவிட்டது. எனக்குத்தான் அந்த வசதி இல்லை.

அடுத்த கிழமை யுத்தம் முடிந்துவிட்டதென்று தொலைக்காட்சி சொன்னது. முதியோர் இல்லத்தில் ஒரு கிழவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அழுதேன். என்ன என்று அவர் கேட்டார். என் தங்கை கூப்பிட்டாள், நான் எடுக்கவில்லை என்று டேனிஷில் சொன்னேன். நாளைக்குத் திரும்பக் கூப்பிடுவாள் என்றார் அவர், ஒன்றும் தெரியாமல்.

மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டாள், முகாமில் இருந்து, யாருடையதோ ஒரு போனில். முதல் மணியிலேயே பாய்ந்து எடுத்தேன்.

"அக்கா, நான்தான்."

பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்தில் நிற்கிறார்கள் என்றாள். அவள் கணவரைப் பற்றிக் கேட்டேன். "அவர் வரேல்லை" என்றாள்.

நான் அழுதேன். அழுது முடிய, மூன்று மாதமாகத் தொண்டையில் கிடந்ததைக் கேட்டேன். அன்றைக்குக் கூப்பிட்டது நீயா?

"ஓம். அவர் போய் மூண்டாம் நாள்."

"நான் எடுக்கேல்லையடி. பக்கத்திலதான் நிண்டனான். நீ வெட்டுவாய் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

"நான் கதைக்க எடுக்கேல்லை அக்கா. என்னத்தைக் கதைக்கிறது? உங்கட வீட்டில மணி அடிக்குதோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான். அடிச்சது. அது எனக்குக் காணும்."

அது உண்மையா, என்னை ஆற்றுவதற்குச் சொன்னதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அவளும் அந்தக் கதையைப் பிறகு எடுத்ததில்லை. இப்போது அவள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், கையில் நல்ல போன் இருக்கிறது, ஆனால் பழக்கம் போகவில்லை. இரண்டு தரம் அடித்து வெட்டத்தான் பார்ப்பாள். நான் விடுவதில்லை. முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.

"ஏனக்கா எடுத்தனீ? வெட்டிப்போட்டு நீ எடு" என்று ஏசுவாள்.

ஏசட்டும். நான் வெட்டமாட்டேன்.