உடைந்த சாமிகளின் ரயில்

2023 டிசம்பர் 11, திங்கட்கிழமை, காலை பத்து இருபது. மழை விட்டிருந்தது, வெயில் வரவில்லை. திண்டிவனம் பேருந்து நிலையத்திலிருந்து என் வீடு வரைக்கும் தெருவில் கணுக்கால் அளவுக்குச் சாக்கடைத் தண்ணீர் ஓடியது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான் கேட்டைத் திறந்தேன். முதலில் வந்தது நாற்றம்.

விளக்கின் எண்ணெய்ப் பிசுக்கு பல வருடம் தூசியோடு ஊறினால் ஒரு கசந்த நாற்றம் வரும். அதோடு புளித்த கஞ்சிப் பசை. அதோடு கரப்பான். மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு நிமிர்ந்தபோது, நான் வெள்ளையடித்து ஒப்படைத்த சுவரில் ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது.

அந்த வீடு என் சேமநல நிதியில் வாங்கியது. நான் கூட்டுறவுத் துறையில் தணிக்கை வேலை பார்த்தவன், குடியிருப்பது விழுப்புரத்தில். திண்டிவனம் வீட்டில் என் மனைவியின் தம்பி வாடகை இல்லாமல் இருந்தான். மாதம் ஒருமுறை அவனே விழுப்புரம் வந்து அரிசியும் ஆயிரம் ரூபாயும் வாங்கிக்கொண்டு போவான். நான் அங்கே போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. இப்போது போனதற்குக் காரணம், வீட்டை விற்க ஒப்பந்தம் போட்டிருந்தேன். என் மனைவிக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. அறுவை சிகிச்சைக்கு அந்தப் பணம் வேண்டும்.

“வாங்க மாமா. அக்கா வர்லியா? முட்டி எப்பிடி இருக்குது?” என்று மைத்துனன் உள்ளிருந்து வந்தான். முழங்கை வரைக்கும் நீலம். வாயில் பிரஷ்.

“இது என்னடா?”

“வண்டி மாமா.”

“யாரக் கேட்டு என் வீட்டுல வண்டி வுட்ட?”

“யாரக் கேக்கறது? நின்னுக்கினு இருந்தாங்க, ஏத்திக்கினேன்.”

அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயது ஐம்பத்தெட்டு. ஐந்தாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இருபத்தாறு வருடம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்கினான். மூட்டையில் வியாபாரியின் குறியைப் போடுவதும் அவன் வேலைதான்; எழுத்து வெட்டிய தகட்டைச் சாக்கின் மேல் வைத்து நீல மையைத் தேய்ப்பான். ஓவியத்தில் அவனுக்கு இருந்த பயிற்சி அவ்வளவுதான். மனைவி பிரசவத்தில் இறந்தாள், குழந்தையும் தங்கவில்லை. பிறகு இடுப்பு போயிற்று, வேலை போயிற்று.

எங்கள் பக்கத்தில் கண்ணாடி உடைந்த சாமி படத்தை வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். குப்பையிலும் போட மாட்டார்கள். பையில் சுற்றி எடுத்துப்போய் அரசமரத்தடியில் சாய்த்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிடுவார்கள். ஏரிக்கரை அரசமரத்தடியில் அப்படி ஒரு குவியல் எப்போதும் இருக்கும். மழையில் ஊறி, கறையான் அரித்து, நாய் மோந்து கிடக்கும். நானும் அந்த வழியாகப் போயிருக்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போயிருக்கிறேன்.

“வேல போறதுக்கு முன்ன ஒரு நாளு, மூட்டைய எறக்கிட்டு வர்றேன் மாமா, பட்டப்பகல்ல. பாத்தா சாமிங்க எல்லாம் ஸ்டேஷன்ல உக்காந்துக்கினு இருக்கற மாதிரி உக்காந்துக்கினு இருக்காங்க. நனஞ்சிக்கினு. எந்த வண்டியும் அவுங்களுக்கு நிக்கல. அப்பவே எனுக்கு வண்டி தெரிஞ்சிச்சி. நீலமா, நீட்டா. ஜன்னல் மட்டும் காலி.”

அன்றிலிருந்து வாரம் ஒரு பை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். சட்டத்தைக் கழற்றி, ஈரத்துணி போட்டு அட்டையிலிருந்து படத்தை உரித்து, முகத்தைச் சுற்றி பிளேடால் வெட்டி, கஞ்சிப் பசையால் சுவரில் ஒட்டி, அதைச் சுற்றி ஜன்னலும் கம்பியும் உடம்பும் தானே வரைவது அவன் முறை. பெட்டிக்கு வண்ணம் துணிக்குப் போடும் நீலம். சக்கரத்துக்குக் கரி. தண்டவாளத்து ஜல்லிக்கு உடைந்த படக்கண்ணாடியையே ஈரச் சுண்ணாம்பில் பதித்திருந்தான். என் பேரன் பேத்திகள் இந்த வீட்டுக்கு வருவதில்லை என்பது நல்லதாகப் போயிற்று.

எண்ணினேன். முப்பத்தொரு பெட்டி, இருநூற்றுப் பதினான்கு ஜன்னல். கூடத்தில் தொடங்கி, சமையலறை வழியாக, கழிவறைச் சுவரை மட்டும் விட்டுவிட்டு, வெளிச் சுவரைச் சுற்றி மதில் வரைக்கும் வந்திருந்தது. மயிலம் கோயில் கடைகளில் வாங்கிய முருகன்கள் மட்டும் நாற்பத்திரண்டு. பிள்ளையாருக்கு ஆளுக்கு இரண்டு சீட்டு. கன்னம் கிழிந்த மாதா ஒருத்தி, பக்கத்தில் அம்மன், இருவருக்கும் நடுவில் ஒரே சாப்பாட்டு மூட்டை. மயில்களைக் கழற்றி சாமான் பெட்டியில் ஏற்றியிருந்தான்.

நல்ல சித்திரம் என்று படித்தவன் எவனும் சொல்ல மாட்டான். முகம் அச்சு, உடம்பு இவன் கைவரிசை. விரல்கள் மூன்றோடு நின்றுவிடும், கால் பெஞ்சுக்குள் மறைந்துபோகும். ஒரு முகத்தில் காய்ந்த சந்தனத்தோடு யாருடையதோ நரைமுடி ஒட்டியிருந்தது. ஆனால் வண்டி ஓடியது. அதை எப்படிச் செய்தான் என்று எனக்குத் தெரியவில்லை. சுவர் திரும்பும் மூலைகளில் பெட்டிகள் லேசாகச் சாய்ந்தன.

வீட்டை வாங்க வந்தவர் திண்டிவனத்திலேயே பைப் கடை வைத்திருப்பவர். வீட்டை இடித்துவிட்டுக் கிடங்கு கட்டப் போகிறார். அப்படியிருக்க சுவரில் என்ன இருந்தால் என்ன? ஆனால் சாமிகளைப் பற்றிக் கேள்விப்பட்டு போனில் சொன்னார்: “சாமி இருக்கற செவுத்த நான் இடிச்சேன்னு பேரு வரக்கூடாது சார். நீங்களே சுண்ணாம்பு அடிச்சி வெள்ளையா குடுத்துடுங்க. மார்கழி போவட்டும், தை பொறந்ததும் பத்திரம் பண்ணிக்கலாம்.” பாவத்தை என் கணக்கில் எழுதிவிட்டு மனையைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் ஏற்பாடு.

மைத்துனனிடம் சொன்னேன், விழுப்புரத்தில் பின்கட்டு அறை அவனுக்கு என்று. “நான் எங்க வேணா படுப்பேன் மாமா,” என்றான். “இவுங்கள பாதியில எறக்கி வுட்டா எங்க போவாங்க? மறுபடியும் மரத்தடியா?”

“அவங்க காகிதம்டா.”

“பத்திரமும் காயிதந்தான?” என்று சொல்லிவிட்டுப் பசையைக் கிளறப் போய்விட்டான்.

வெள்ளையடிக்கும் ஆள் இரண்டாயிரம் முன்பணம் வாங்கிக்கொண்டு வந்தார். கூடத்துக்குள் போனவர் வாளியைக் கீழே வைத்தார். “சாமி கண்ணு என்னைப் பாக்குது சார். நான் அடிக்க மாட்டேன்.” கூட்டேரிப்பட்டிலிருந்து வேறு ஆளைக் கேட்டேன், அவரும் போனிலேயே மறுத்துவிட்டார். முதல் ஆளே கடைசியில் ஒரு வழி சொன்னார்: “கண்ண மறச்சி பேப்பர் ஒட்டி வைங்க. கண்ணு தெரியலன்னா நான் பாட்டுக்கு அடிச்சிடுவேன்.”

எழுபத்து நான்கு வயதில், பழைய செய்தித்தாளைப் பட்டை பட்டையாகக் கிழித்து, இருநூற்றுப் பதினான்கு முகங்களுக்குக் கண்கட்டினேன். வெளிச் சுவரில் இருட்டும்வரை நின்று ஒட்டினேன். பசை வழிந்து சட்டைக்குள் இறங்கியது. எறும்பு ஏறியது. மைத்துனன் தடுக்கவில்லை, பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தான். “தூங்கட்டும் மாமா, நைட்டு வண்டிதான,” என்றான்.

மறுநாள் ஆளோடு போனால் ஒரு பட்டையும் இல்லை. எல்லாக் கண்ணும் திறந்திருந்தது.

“விடிஞ்சிடுச்சி இல்ல? எழுப்பி வுட்டுட்டேன்.”

ஆள் வாளியை எடுத்துக்கொண்டு போனார். முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை.

இதற்குள் வேறொரு தொல்லை. மார்கழி பாதி தாண்டினால் வீடுகளில் பழையது கழிக்கத் தொடங்குவார்கள். இவன் அள்ளுகிறான் என்று தெரிந்த நாலைந்து பேர், ஏரிக்கரை வரைக்கும் நடப்பானேன் என்று, படங்களை என் கேட்டிலேயே சாய்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு ஆத்திரம். நானூற்றைம்பது ரூபாய் கொடுத்து ஒரு பலகை எழுதி மாட்டினேன்: ‘உடைந்த சாமி படங்களை இங்கே வைக்காதீர்கள்.’ அதுவரை நாலு பேருக்குத் தெரிந்தது அன்றிலிருந்து ஊருக்கே தெரிந்தது. உடைந்த படத்தை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு நான் விலாசம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்றாம் நாள் பலகைக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்கள். கீழே பதினேழு படங்கள்.

இரும்பை கிராமத்துப் பக்கம் தங்கி ஓவியம் பழகும் இரண்டு இளைஞர்கள் ஸ்கூட்டரில் வந்து படம் பிடித்தார்கள். அபாரம் என்றார்கள். கரப்பானைக் கூட அபாரம் என்றார்கள். மைத்துனன் காசில் டீ குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு வரவில்லை.

ஜனவரி முதல் வாரம் பைப் கடைக்காரர் மனைவியோடு காரில் வந்தார், வேலை எவ்வளவு தூரம் ஆகியிருக்கிறது என்று பார்க்க. ஒன்றும் ஆகவில்லை. நாற்றத்துக்கு அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். நான் கூனிக் குறுகி நின்றேன். சமையலறைச் சுவருக்கு வந்தபோது நின்றுவிட்டார். அங்கே ஒரு பெட்டியின் வாசலில், கறுப்புக் கோட்டு போட்டு, கையில் சீட்டு அட்டையோடு டி.டி.ஆர் நின்றிருந்தார். சாமி முகம் இல்லை. மூக்குக்கண்ணாடி போட்ட, விபூதி பூசிய ஒரு பெரியவரின் புகைப்படம்.

“இது எங்கப்பா,” என்றார் கடைக்காரர்.

கிட்டே போய்ப் படத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“எங்கப்பாவ யாரு இங்க கொண்டாந்தது?”

“மரத்தடியில இருந்தாருங்க,” என்றான் மைத்துனன். “ஒரு லட்சுமிக்கும் மூக்கொடஞ்ச புள்ளையாருக்கும் நடுவுல. மூஞ்சி கொஞ்சம் கண்டிப்பா இருந்திச்சி. அதான் டி.டி.ஆரா போட்டன்.”

கடைக்காரரின் மனைவி தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “புது வூட்டுக்குப் போறப்போ பழசெல்லாம் எடுத்துக் கழிச்சோமில்ல. அதுல கலந்து போயிருக்கும்.”

“மால போட்டு மாட்டின படம் எப்பிடிடி கலந்து போவும்?”

“கத்தாதீங்க. ஹால்ல இந்தப் படம் வேணாம், வர்றவன் போறவன் பாக்கறான்னு சொன்னது யாரு? நானா?”

அவர் மூக்கில் வைத்திருந்த கைக்குட்டையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உரித்துக் கொடுங்கள் என்றார். மைத்துனன் ஈரத்துணியை ஒற்றி ஒற்றி ஒரு மணி நேரம் உரித்தான். கோட்டின் கழுத்துப் பட்டையும் கூடவே வந்துவிட்டது. புதுத் துண்டில் வைத்துக் கொடுத்தான். “வூட்டுல மாட்டுவீங்க இல்ல?”

“பின்ன? பெத்த அப்பாவ மாட்டாம?” என்று கடைக்காரர் துண்டை மார்போடு அணைத்துக்கொண்டார். என் கையைத் தொட்டு, “சுண்ணாம்புக்கு நானே ஆள் அனுப்பறேன் சார். பொங்கல் கழிஞ்சதும், தை அஞ்சாந்தேதி முடிச்சிடலாம்,” என்றார். எனக்கு அந்த மனிதர் மேல் ஒரு மரியாதைகூட வந்தது.

போகிக்கு முந்தைய மாலை திண்டிவனம் போய் அங்கேயே படுத்தேன். மறுநாள் மைத்துனனை விழுப்புரம் அழைத்துவருவதாக ஏற்பாடு. காலையில் தெருவெல்லாம் டயர் புகை, தொண்டை எரிந்தது. கேட்டைத் திறந்தேன். பலகைக்கடியில் பதினொரு உருப்படி. பத்து சாமி. பதினோராவது ஜவுளிக்கடைப் பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி, விபூதி, கழுத்தைச் சுற்றி நீலமும் கறுப்புமாகக் கோட்டுப் பட்டை. சுற்றிக் கொடுத்த புதுத் துண்டு மட்டும் இல்லை.

வாழ்நாளில் எத்தனையோ கணக்குகளில் எத்தனையோ கள்ளங்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

“வந்துட்டாரா?” என்றான் பின்னால் நின்ற மைத்துனன். “ட்யூட்டிய வுட்டுட்டு எத்தினி நாளு இருப்பாரு.” பசை காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தான்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

“சார்! போகிப் பண்டிகை நல்வாழ்த்துகள்.”

“உங்கப்பா இங்க இருக்காரு.”

 “அது சார்… பசை பட்ட படம், வூட்டுல வெச்சா ஆவாதுன்னு வூட்டம்மா… அரசமரத்தடியில வெக்க மனசு வர்ல. அதான் உங்க கேட்டுல. நம்ம ஆளு எப்பிடியும் எல்லாத்துக்கும் சுண்ணாம்பு அடிக்கத்தான போறாரு? அதோட ஒண்ணா…”

“வீடு உங்களுக்கு இல்ல,” என்றேன்.

“என்ன சார் பேசறீங்க? அக்ரிமெண்டுல போட்டுருக்குது. நீங்க பின்வாங்கினா அட்வான்ஸ் ஒரு லட்சத்த டபுளா தரணும்.”

“தெரியும். எழுதினது நான்தான்.”

“ஒரு போட்டோவுக்கா சார்?”

நான் போனை வைத்துவிட்டேன். அறிவுள்ள கேள்விதான்.  அந்தக் கையில் என் வீட்டுச் சாவியைக் கொடுக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது. அந்தப் பையை எடுத்த விரலை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

விழுப்புரத்தில் என் மனைவியிடம் சொன்னபோது, அவள் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். “ஆயுசு பூரா எண்ணி எண்ணிச் சேத்துட்டு, இப்பிடியா எண்ணிக் குடுப்பீங்க?” என்றாள்.  இப்போதும் கைத்தடியோடுதான் நடக்கிறாள்.

ரயில் இப்போது பக்கத்து மனைக்காரரின் மதிலைத் தொட்டுவிட்டது. அவர் என்மேல் புகார் கொடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வீடு நாறுகிறது; கரப்பான் பெருகியிருக்கிறது; மாதம் ஒருமுறை போய் மூக்கைப் பொத்திக்கொண்டு பெட்டிகளை எண்ணிவிட்டு வருகிறேன். கடைக்காரருக்குத் தண்டமாகப் போன ஒரு லட்சம், ஒப்பந்தப் பத்திரமும் எழுத்துக் கூலியும் ஆயிரத்து ஐந்நூறு, திரும்பி வராத முன்பணம் இரண்டாயிரம், பலகை நானூற்றைம்பது, சுண்ணாம்பும் காகிதமும் பசையும் அறுநூற்றுப் பத்து, பேருந்துக்கு அறுநூற்று முப்பது. ஆக மொத்தம் ஒரு லட்சத்து ஐயாயிரத்து நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.